ஒரு பூவும் விடாமல்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சுள்ளியம்மா'. முப்பத்து மூன்று வருடமாகக் கைப்பையில் ஏதாவது ஒரு சுள்ளி துருத்திக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று அலுவலகம் நம்பிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துவிட்டார். பெயர் விஷயத்தில் வைப்பவருக்குத்தான் உரிமை, சுமப்பவருக்கு ஒரு உரிமையும் கிடையாது என்பது அவருடைய தொழிலின் முதல் விதி.

அந்தத் தொழில் நடக்கும் இடம் உலர்தாவரகம். காட்டிலிருந்து வரும் இலையையும் பூவையும் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே எப்போது யார் பறித்தது என்று சீட்டு எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்குவார்கள். அலமாரிகள் இரண்டு லட்சம் தாள்களை விழுங்கிவிட்டு அந்துருண்டை வாசனையோடு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத ஒன்று அந்தத் தாள்களுக்குள் அகப்பட்டால், அதை இலை நரம்பு வரைக்கும் விவரித்துக் கட்டுரை எழுதி, புதுப்பெயர் சூட்டலாம். அந்தப் பெயரை எங்கே எழுதினாலும் வாலில் சூட்டியவரின் பெயரும் சேர்ந்து வரும், உலகம் உள்ளவரைக்கும்.

சுள்ளியம்மா அதுவரை ஒரு புல்லுக்குக்கூடப் பெயர் சூட்டியதில்லை. மற்றவர்கள் சூட்ட வந்ததைத் தடுத்ததுதான் அதிகம். பத்திரிகைகள் புதிய இனம் பற்றிய கட்டுரைகளை அவருக்குத்தான் சரிபார்க்க அனுப்பும். அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, கடைசியில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதுவார்: 'பூ சரி. காய் எங்கே?' பூவும் காயும் இரண்டும் கையில் இல்லாமல் புதிய மரம் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இதனால் அவருக்கு எதிரிகள் உண்டு. முக்கியமானவர், கல்லூரியில் கூடப் படித்து இன்னொரு ஊரில் பெரிய ஆய்வு நிலையத்தில் இருக்கும் ஒருவர். பரீட்சையில் கேள்வியைப் படிக்குமுன் பதில் எழுதத் தொடங்குவார் என்பதால் படிக்கும்போதே அவருக்கு 'அவசரம்' என்று பெயர். அவசரத்தின் கட்டுரைகளை மட்டும் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார் சுள்ளியம்மா. ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துக்கொண்டே வாழ்த்து அனுப்புவார். அதுதான் எரிச்சல்.

பதினோரு வருடத்துக்கு முன்பு அணில் ஒரு இலைக்கொத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அணில் என்பது மரமேறி. ஆராய்ச்சிக்காரர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதோடு சரி. கயிறும் தொரட்டியும் கட்டிக்கொண்டு மழைக்காட்டு மரத்தின் உச்சிக்குப் போய்க் கொப்பு வெட்டிப் போடுவது அவர்தான். இருபத்து நாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது சுள்ளியம்மா அவரை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்தது, அவருக்கு ஐம்பத்து நாலு ஆகி, தொப்பை விழுந்து, முழங்கால் தேய்ந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது.

"மூணாவது ஓடைக்கு மேல ஒத்தை மரம் மேடம். இதுமாதிரி நான் ஏறினதே இல்ல," என்றார்.

சுள்ளியம்மா இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் நரம்புகள் பிரியும் இடத்தில் எல்லாம் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் செம்பட்டை முடி. அலமாரி அலமாரியாக ஆறு வாரம் தேடினார். எதனோடும் ஒத்துப்போகவில்லை. ஏழாவது வாரம், கதவைச் சாத்திக்கொண்டு அணிலிடம் சொன்னார்: "இது புதுசு. பூவும் காயும் கிடைக்கட்டும், உன் பேரைத்தான் வைக்கப்போறேன்."

அணில் சிரித்தார். "அணில்னா?"

"உன் நிஜப் பேரை. வால்ல ரெண்டு எழுத்து ஒட்டினா லத்தீன் ஆயிடும்."

அந்தச் செய்தியை அணில் வீட்டில் சொன்னார். அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவர். அவர் ஊருக்கே சொன்னார். இருமல் மருந்துக்கு வந்தவர்களுக்குக்கூட, மாத்திரையோடு சேர்த்து, தன் வீட்டுக்காரர் பேரில் ஒரு மரம் வரப்போகிற கதையும் கிடைத்தது.

மரத்துக்கு இதெல்லாம் தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை போனார்கள். இலை, இலை, மறுபடி இலை. ஒன்பது வருடம் அது வெறும் இலையைக் காட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு நாள், பத்து மாடி உயரத்திலிருந்து அணில் போட்ட சத்தத்தில் பக்கத்து மரத்துப் பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. பூத்திருந்தது.

சுள்ளியம்மா கீழே தார்ப்பாயை விரித்து, நோட்டும் பென்சிலுமாக நின்றார். ஒவ்வொரு கொத்து விழும்போதும் ஒரு கோடு போட்டார். அவர்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: ஒரே மரத்தில் பறித்ததை ஒரு தாளில் மட்டும் ஒட்டித் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது, பிரதிகள் செய்து மற்ற நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டும். ஒரு இடத்தில் தீப்பிடித்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். அவருடையது ஒன்று, வெளியே ஏழு, ஆக எட்டுத் தாள். தாளுக்கு ஐந்து கொத்து. சாராய ஜாடியில் ஊறவைக்க மூன்று.

"நாப்பத்தி மூணு!" என்று கத்தினார். "மேல இன்னும் இருக்கா?"

"இல்ல மேடம்!"

"கிழக்குப் பக்கம் நல்லாப் பாரு! ஒண்ணையும் விட்டுறாதே!"

மேலே கிழக்குப் பக்கம் இலைகள் சலசலத்து நின்றன. பிறகு குரல் வந்தது. "ஒண்ணும் இல்ல மேடம். சுத்தமா முடிஞ்சிருச்சு."

அன்று திரும்பும் வழியெல்லாம் சுள்ளியம்மா பாட்டுப் பாடினார். அணில் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிரதிகள் ஏழும் ஏழு ஊருக்குப் போயின. ஒவ்வொரு சீட்டிலும் தன் கையெழுத்தில், 'புதிய இனமாக இருக்கலாம். காய்க்காகக் காத்திருக்கிறோம்' என்று எழுதினார். மறைத்து வைப்பது அவருக்குத் தெரியாத வித்தை. கட்டுரையும் முக்கால்வாசி தயாராகிவிட்டது. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியை, அணிலின் மனைவி ஒரு நாள் கணவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தபோது, இருவரையும் உட்காரவைத்துப் படித்தே காட்டினார்: 'உச்சிக்கிளை வரை ஏறி, ஒரு பூவும் விடாமல் பறித்துத் தந்த இவருடைய நேர்மைக்கு, இந்த மரம் தன் பெயரால் நன்றி சொல்கிறது.'

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அணில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

காய்தான் பாக்கி. நாலு மாதம் கழித்துப் போனார்கள், இல்லை. அடுத்த முறை போகச் சுள்ளியம்மாவுக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அணில் மட்டும் போய்விட்டு வந்து, "ஒண்ணும் காணோம் மேடம்," என்றார். மரம் மலடோ, காற்று மகரந்தத்தைக் கொண்டுபோகவில்லையோ, வண்டு வரவில்லையோ என்று சுள்ளியம்மா நாலு பக்கத்துக்குக் காரணங்கள் எழுதினார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதி அவருடைய செய்தித்தாள் கட்டுகளுக்கு. மீதிப் பாதியில் கணவர், அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர், ஒடுங்கிக்கொண்டு சாப்பிடுவார். அன்று அந்த நாலு பக்கத்தையும் அவரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். கணவர் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல. இருந்த பூவை எல்லாம் நீங்க ரெண்டு பேரும் பறிச்சுட்டீங்க."

"ஆமா."

"அப்போ காய் எங்கேருந்து வரும்?"

சுள்ளியம்மா அந்த நாலு பக்கத்தையும் திருப்பி வாங்கிக் கவிழ்த்து வைத்தார். தாவரவியலில் முனைவர் பட்டம், முப்பத்து மூன்று வருட அனுபவம், சிவப்பு மை எல்லாம் ஒருபக்கம். பூவைப் பறித்தால் காய்க்காது என்பது ஒருபக்கம். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சாப்பிடுங்க, ஆறிப்போகுது," என்று மட்டும் சொன்னார்.

இனி மரம் மறுபடி பூக்க வேண்டும். ஒன்பது வருடம் இலையைக் காட்டிய மரம். அவருக்கோ ஓய்வுக்கு ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தன. ஒவ்வொரு பருவத்துக்கும் அணிலைக் கேட்டார், பூத்ததா என்று. இல்லை மேடம், இல்லை மேடம். காய் இல்லாமலே கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று ஓரிரு தடவை ஆசை வந்ததுண்டு. ஆனால் தன் சிவப்பு மைக்கு அவரே பயந்தார்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவசரத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

'இன்ப அதிர்ச்சி! நீ அனுப்பின பிரதியைப் பார்த்த உடனே எனக்குப் பொறி தட்டியது. எங்கள் அலமாரியில் எழுபது வருடமாக இலையோடு ஒரு காய், பெயர் தெரியாமல் கிடந்தது. இலை அச்சு அசல் உன் மரம்தான். பூ உன்னுடையது, காய் எங்களுடையது. இனி நீ "காய் எங்கே" என்று கேட்க முடியாது! கட்டுரை இன்று வெளியாகிவிட்டது. மரத்துக்கு யார் பெயர் வைத்தேன் என்று பார். மறுக்கக் கூடாது.'

பார்த்தார். சுள்ளியம்மாவின் பெயர்தான். முன்னால் அவர் பெயர், லத்தீன் வாலோடு. பின்னால், பெயர் சூட்டியவர் என்ற இடத்தில், அவசரத்தின் பெயர். பதினோரு வருடமாகத் தன் பெயர் பின்னாலும் அணிலின் பெயர் முன்னாலும் நிற்பதாக அவர் மனக்கண்ணில் பார்த்து வைத்திருந்த அதே இடத்தில். வெளியாகிவிட்ட பெயரை யாராலும் மாற்ற முடியாது. சுமப்பவர் அழுதாலும் முடியாது.

அழுகை வந்தது. அதை ஆனந்தக் கண்ணீர் என்று கணவர் எடுத்துக்கொண்டார். கட்டுரையை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "உன் பேர்ல ஒரு பிழை கூட இல்ல," என்று பூரித்து, மாடிவீடு, எதிர்வீடு எல்லாவற்றுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அலுவலகத்தில் இயக்குநர் ஒரு கூட்டம் போட்டு, கட்டுரையிலிருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாடிப்படிப் பக்கம் மாட்டினார். இந்த நிலையத்துக்கே பெருமை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பெயர் சூட்டி மரியாதை செய்தவனைத் திட்ட அவர்கள் தொழிலில் வழியில்லை. நன்றிக் கடிதம் எழுதுவதுதான் முறை. சுள்ளியம்மா எழுதினார். ஒரு வாரம் ஆயிற்று அந்த மூன்று வரியை எழுத.

அணிலிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அது சுலபமாக முடிந்துவிட்டது. "உங்க பேருதானே மேடம். நல்ல பேருதான்," என்று அவர் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். மறுநாள் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனபோதுதான் அடி விழுந்தது. பில் போட்டுக்கொண்டே அணிலின் மனைவி, குரலை உயர்த்தாமல், மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக் கேட்டார்.

"அவர் பேர்ல என்ன மேடம் குறை?"

பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். சுள்ளியம்மா மாத்திரையை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். பல நாட்களுக்கு அந்தக் கேள்வி அவரைச் சாப்பிட விடவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனதைவிட, வாக்கே கொடுத்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

ஓய்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மாடிப்படி ஏறும்போது, சட்டம் போட்ட படத்துக்கு முன்னால் அணில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தோடு மூக்கு உரச நின்றிருந்தார்.

"என்னப்பா பாக்குற?"

"மேடம், இந்தக் காய் நம்ம மரத்துக் காய் இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"இது நீட்டமா இருக்கு. மூணு வரி ஓடுது. நம்ம மரத்துக் காய் உருண்டை. கோலிக்குண்டு மாதிரி. அஞ்சு வரி."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சுள்ளியம்மா. "நம்ம மரம்தான் காய்க்கவே இல்லையே?"

அணில் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்துகொண்டே வந்தது. இரண்டு பேர் படியேறிப் போனார்கள்.

"சொல்லு."

"நாளைக்குக் கொண்டுவர்றேன் மேடம்," என்றார் அணில். வேறொன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வந்து உட்கார்ந்தது. மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே ஆறு காய்கள், ஒரு இலைக்கொத்தோடு. உருண்டை. ஐந்து வரி. ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியும் இடமும். தேதி பூப்பறித்ததற்கு ஏழு மாதம் கழித்து, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்த நாள்.

"கிழக்குக் கொப்பு மேடம்," என்றார் அணில். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஓடைப் பக்கமா நீட்டிட்டு இருந்துச்சு. கட்டைவிரல் கனம்தான். நாலஞ்சு கொத்துப் பூ இருந்துச்சு. அதுல போக எனக்குத் தைரியம் வரல. இருக்குன்னு சொன்னா நீங்க விடமாட்டீங்க. இல்லைனுட்டேன்."

"அப்புறம் காய் கிடைச்சப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்றது? நீங்கதான் என் வீட்டம்மாவை உட்காரவச்சு வாசிச்சீங்களே. ஒரு பூவும் விடாம. நேர்மை." அவர் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயைக் கொண்டுவந்தா விட்டது தெரிஞ்சுபோகும். அடுத்த வாட்டி பூக்கும், அப்போ நியாயமாப் பறிச்சுக் காயும் எடுத்துத் தந்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவர் போட்டுட்டார்."

சுள்ளியம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். டப்பாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஒன்றரை வருடம்! அவர் நாலு பக்கத்துக்கு வண்டையும் காற்றையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது, காய் அணில் வீட்டுப் பரணில் பஞ்சுக்குள் படுத்திருந்திருக்கிறது. "உன் பேரை நீயே பரண்ல போட்டு மூடி வச்சிருக்கியே, பாவி!" என்று கத்தினார். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

கத்திய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அவர் சொன்னபடி அணில் கேட்டிருந்தால் அந்தக் காயும் இருந்திருக்காது. அவர் கட்டளையை மீறியதால்தான் ஆறு காய் இருக்கிறது. அவர் புகழ்ந்ததால்தான் அது ஒளிந்திருந்தது. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் கீழே நோட்டோடு நிற்பது அவரேதான்.

ஒரு காயைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் வைத்தார். ஐந்து அறை, அறைக்கு ஒரு விதை. அவசரத்தின் கட்டுரையில் மூன்று அறை, அறைக்கு இரண்டு. இலை மட்டும்தான் ஒரே ஜாடை. ஒரு நிமிடம் அவருக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. கேள்வியைப் படிக்குமுன் பதில் எழுதியிருக்கிறான்! சிவப்பு மைப் பேனாவைத் தேடினார். தேடும்போதே அந்தக் குளுமை வற்றிவிட்டது. தொழில் விதிப்படி பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது, அவசரம் சாட்சியாகக் காட்டிய பூவொட்டிய தாளோடு. அந்தத் தாள் அவர் மரம். காய் தப்பு என்று எழுதலாம், காய் திருந்தும். பெயர் திருந்தாது. தன் பெயரைச் சுமக்கும் மரத்துக்குத் தானே காய் தேடிக் கொடுத்த ஆராய்ச்சியாளர் என்று இயக்குநர் இன்னொரு கூட்டம் போடுவார்.

"எழுதுங்க மேடம்," என்றார் அணில். "சீட்டுல தேதி போடணும்ல. நான் பொய் சொன்னேன்னே எழுதுங்க."

"உன்னோடத மட்டும் எழுதினா கணக்கு சரியா வராது," என்றார் சுள்ளியம்மா. தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்: 'எட்டும் தூரத்தில் இருந்த நாற்பத்து மூன்று பூங்கொத்துகளும் என் உத்தரவின்பேரில் பறிக்கப்பட்டன. அது என் தவறு. மரமேறி ஒரு கிளையை விட்டுவைத்தார். இந்த மரம் காய்க்கும் என்று இன்று நமக்குத் தெரிவது அதனால்தான்.' எழுதியதை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அணில் பக்கமாகத் தாளைத் தள்ளிவிட்டார். அணில் உட்கார்ந்து, உதடு அசைய, இரண்டு முறை படித்தார்.

பிறகு கட்டுரையின் படத்தைத் தன் பக்கம் இழுத்து, நீட்டக் காயின்மேல் விரலை வைத்தார்.

"மேடம், இது நம்ம மரத்தோடது இல்லைனா, இது எந்த மரத்தோடது?"

சுள்ளியம்மா நிமிர்ந்தார். காய் சரியா தப்பா என்று பார்த்தாரே ஒழிய, அது யாருடையது என்று பார்க்கவில்லை. எழுந்து அலமாரிக்குப் போனார். மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை, இலைக்கடியில் குழி. மதியம்வரை இழுத்தார், மறுநாளும் இழுத்தார். அதன் குடும்பத்துத் தாள்கள் அத்தனையும் மேசைக்கு வந்து போயின. எதுவும் ஒத்துப்போகவில்லை. அந்தக் காய்க்கும் பெயர் இல்லை. எழுபது வருடம் கையில் வைத்திருந்த புதிய மரத்தை, அவசரம் அவசரப்பட்டு அவருடைய மரத்துக்குள் போட்டுப் புதைத்திருக்கிறார்.

சுள்ளியம்மா சிரித்தார். அடக்க முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முப்பத்து மூன்று வருடத்தில் அந்த அறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை என்று தட்டச்சுக்காரர் பிறகு சொன்னார்.

அவசரத்துக்கு எழுதி, அந்தப் பழைய தாளின் படத்தைக் கேட்டார். 'எதற்கு?' என்றுகூடக் கேட்காமல் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். அந்தக் குணத்துக்கு முதல் முறையாக அவர் மனதார நன்றி சொன்னார். அணிலைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். எழுபது வருடத்துக்கு முந்தைய சீட்டு, மங்கிய மை. பறித்தவர் பெயர் அழிந்திருந்தது. இடம் என்ற வரியில் ஒரே சொல்: 'மலைக்காடு.'

"அவ்வளவுதானா மேடம்? எந்த மலை?"

"அதெல்லாம் பறிச்சவர் எழுதல."

"பூ வேணும். அப்புறம் நம்ம கையாலயே பறிச்ச காய் வேணும்."

"வேணும்."

"உங்களுக்குப் பதினாறு நாள்தான் இருக்கு."

"நாற்காலியைத்தான் வாங்கிக்குவாங்க. கண்ணையா வாங்கிக்கப் போறாங்க?" என்றார் சுள்ளியம்மா. பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறை சொல்லிப் பட்டது போதும். அணிலும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் திரையில் அந்தச் சீட்டின் ஓரத்தில், மரத்தின் பெயர் எழுத விட்டிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மரம் எவ்வளவு உயரம்னு போட்டிருக்கா?" என்றார் அணில் கடைசியில்.

சுள்ளியம்மா சீட்டின் அடுத்த வரியைப் படித்தார். "'மிக உயரம்'னு போட்டிருக்கு."

அணில் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். நெடுநேரம் தடவினார்.

"ஏறுறேன் மேடம். ஆனா ஒண்ணு. நீங்க கீழ நின்னு எண்ணக் கூடாது."

"எண்ணமாட்டேன்," என்றார் சுள்ளியம்மா. முப்பது வருடத்தில் அணிலிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.